கரைப்பான் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதிவினை ஒன்றைத் திட்டமிடும்போது வினைபொருளைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள், வினையூக்கியைப் பற்றி இரண்டு வாரம் பேசுவார்கள். கரைப்பான் என்று வந்ததும் "போன தடவை எதில் செய்தோமோ அதிலேயே செய்" என்று முடிந்துவிடும். இத்தனைக்கும் மருந்து மூலப்பொருள் தயாரிப்பில் ரியாக்டருக்குள் போகும் மொத்த எடையில் பாதிக்கும் மேல் கரைப்பான்தான். லேபிலிருந்து பிளான்ட் பக்கம் வரும் புதியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கரைப்பான் என்பது கரைக்கத்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கரைப்பது அதன் வேலைகளில் ஒன்று. இரண்டாவது வேலை வெப்பத்தைச் சுமப்பது. ஆவியைக் குளிரவைத்துத் திருப்பி அனுப்பும் திறந்த கண்டென்சரின் கீழ் டொலுயீனைக் கொதிக்கவிட்டுச் செய்யும் வினை 111 டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும். கூடுதல் வெப்பத்தை ஆவி மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். அங்கே கரைப்பானே வெப்பநிலைக்குக் காவல்.

மூன்றாவது வேலைதான் பலருக்கு வியப்பு: வினையின் வேகத்தையே அது மாற்றும். 1890-இல் நிக்கோலாய் மென்ஷுட்கின் டிரைஎத்திலமீனையும் எத்தில் அயோடைடையும் 23 கரைப்பான்களில் வினைபுரியவைத்துப் பார்த்தார். பொருள் இரண்டும் அதேதான், வேகம் மட்டும் கரைப்பானுக்குக் கரைப்பான் பல நூறு மடங்கு வரை மாறியது. இதைவிடப் பெரிய வித்தியாசமும் உண்டு. குளோரைடு அயனி மெத்தில் அயோடைடைத் தாக்கும் வினையை மெத்தனாலிலிருந்து டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) என்ற கரைப்பானுக்கு மாற்றினால் வேகம் சுமார் பத்து லட்சம் மடங்கு கூடுகிறது. மெத்தனால் ஹைட்ரஜன் பிணைப்பால் குளோரைடைச் சுற்றிப் போர்த்திவிடும். டி.எம்.எஃப். நேரயனியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளுமே தவிர, குளோரைடைக் கண்டுகொள்ளாது. போர்வை இல்லாத அயனி சும்மா இருக்குமா?

நான்காவது வேலை, வினை முடிந்தபின் பொருளைப் பிரித்தெடுக்க இடம் கொடுத்துவிட்டுத் தானும் வெளியேறுவது. தேர்வு சொதப்புவது பெரும்பாலும் இந்த நான்காவதில்தான்.

"ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று படித்தோமே, அது போதாதா?

பள்ளிக்குப் போதும். முனைவுத்தன்மையை (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை) மின்காப்பு மாறிலி என்ற ஒரே எண்ணால் அளந்தால் ஹெக்சேன் 1.9, டொலுயீன் 2.4, எத்தில் அசிட்டேட் 6, டைகுளோரோமீத்தேன் 8.9, அசிட்டோன் 21, மெத்தனால் 33, அசிட்டோநைட்ரைல் 36, தண்ணீர் 78 என்று ஒரு வரிசை கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மெத்தனாலும் அசிட்டோநைட்ரைலும் அந்த வரிசையில் பக்கத்து வீடு. நடத்தையில் இரண்டும் வேறு வேறு ஊர். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும், மற்றதால் கொடுக்க முடியாது.

இதற்காகத்தான் சார்லஸ் ஹான்சன் 1967-இல் ஒரே எண்ணுக்குப் பதிலாக மூன்று எண்களைத் தந்தார்: பரவல் விசைக்கு ஒன்று, முனைவு விசைக்கு ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒன்று. டொலுயீனுக்கு 18.0, 1.4, 2.0. அசிட்டோனுக்கு 15.5, 10.4, 7.0. எத்தனாலுக்கு 15.8, 8.8, 19.4. மூன்று எண்களை மூன்று அச்சாக வைத்தால் ஒவ்வொரு கரைப்பானும் முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளி. கரைய வேண்டிய பொருளுக்கும் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு கோளம். கோளத்துக்குள் விழும் கரைப்பான் கரைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இந்தப் படத்தின் உண்மையான பயன் கலவைகளில்தான் தெரியும். இரண்டு கரைப்பான்களைக் கலந்தால் கலவையின் புள்ளி இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டில் விழும். இரண்டுமே கோளத்துக்கு வெளியே, எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால், கலவை கோளத்துக்குள் வந்துவிட வாய்ப்பு உண்டு. கொலோடியன் இதற்குப் பழைய சாட்சி. நைட்ரோசெல்லுலோஸை ஈத்தரும் சரியாகக் கரைக்காது, எத்தனாலும் சரியாகக் கரைக்காது. இரண்டையும் கலந்து ஊற்றினால் தேன்போலக் கரைந்துவிடும். பெயின்ட், பாலிமர் துறைக்காரர்கள் ஹான்சன் எண்களை விடாமல் பிடித்திருப்பது இதனால்தான். சிறு மூலக்கூறுகளின் படிகங்களுக்கு இந்த எண்கள் அவ்வளவு துல்லியமாகக் கைகொடுப்பதில்லை. படிகத்தை உடைக்கத் தேவைப்படும் ஆற்றல் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

முனைவுத்தன்மையைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், வகுப்பறையில் காட்டவும் நன்றாக இருக்கும். ரைக்கார்ட் சாயம் என்று ஒன்று இருக்கிறது. அதை மெத்தனாலில் போட்டால் சிவப்பு, எத்தனாலில் ஊதா, அசிட்டோனில் பச்சை, அனிசோலில் மஞ்சள். சாயம் ஒன்றே, சுற்றியிருக்கும் மூலக்கூறுகள் அதன் ஆற்றல் மட்டங்களை நகர்த்துவதால் நிறம் மாறுகிறது. கரைப்பான் வெறும் பின்னணி என்று நினைப்பவரிடம் நாலு சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்தால் போதும்.

சரி, தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

கடைசியிலிருந்து. பொருள் எந்த வடிவில் வெளியே வர வேண்டும், அதில் எவ்வளவு கரைப்பான் தங்கலாம், அதை எப்படி விரட்டப் போகிறோம் என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வினைக்கு எது நல்லது என்று பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு பதிலீட்டு வினையை டி.எம்.எஃப்.-இல் செய்தேன். 2 மணி நேரத்தில் முடிந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பொருள் 90 டிகிரிக்கு மேல் சிதையும், டி.எம்.எஃப்.-இன் கொதிநிலை 153. வெற்றிடத்தில் இழுத்துப் பார்த்தேன், பாகுபோல ஒட்டிக்கொண்டு நின்றது. எத்தில் அசிட்டேட்டில் எடுத்துத் தண்ணீரால் ஐந்து முறை கழுவினேன், லித்தியம் குளோரைடு கரைசலாலும் கழுவினேன். பொருளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் என்.எம்.ஆர். நிறமாலை எடுத்தால் 8.0-இல் ஒரு சிகரம், 2.9 பக்கத்தில் இரட்டைச் சிகரம். டி.எம்.எஃப். கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. கழுவக் கழுவப் பொருளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு போனதுதான் மிச்சம். அப்புறம் அதே வினையை அசிட்டோநைட்ரைலில் செய்தேன். 9 மணி நேரம் ஆனது. ஆனால் 82 டிகிரியில் கொதிக்கும் கரைப்பான் அது, வெற்றிடத்தில் சத்தமில்லாமல் போய்விட்டது. மொத்த வேலையும் ஒன்றரை நாள் முன்னதாக முடிந்தது.

அடுத்த படிக்கு வேறு கரைப்பான் தேவையென்றால் கொதிநிலை வரிசையையும் பாருங்கள். டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான்) 66-இல் கொதிக்கும், டொலுயீன் 111-இல். டொலுயீனை ஊற்றிக்கொண்டே வடித்தால் டி.எச்.எஃப். முதலில் வெளியேறிவிடும். திரும்பிப் போக அப்படி ஒரு சுலபமான பாதை கிடையாது. பல படிகள் கொண்ட செய்முறையில் கரைப்பான்கள் கொதிநிலையில் ஏறுமுகமாக அமைந்தால் வாழ்க்கை எளிது.

அப்படியானால் கொதிநிலை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லதா?

இல்லை. டைஎத்தில் ஈத்தர் 35 டிகிரியிலும் டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலும் கொதிப்பவை. இவற்றை மீட்டெடுக்கக் குளிர்ந்த கண்டென்சர் வேண்டும், இல்லையென்றால் பாதி காற்றோடு போய்விடும். வேலை செய்பவரின் மூச்சுக்குள் போவதும் இதே காரணத்தால்தான். பெரும்பாலான வேலைகளுக்கு 60-க்கும் 120-க்கும் இடைப்பட்ட கொதிநிலை வசதியானது.

கொதிநிலையோடு ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் தேவை. டொலுயீனுக்கு ஏறத்தாழ 360, ஹெக்சேனுக்கு 335. எண்ணெய் வித்துகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகள் ஹெக்சேனை இன்னும் விடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எண்ணெயைத் தாராளமாகக் கரைக்கும், 69 டிகிரியில் போய்விடும், ஆவியாக்க நீராவிச் செலவு குறைவு, தண்ணீரோடு கலக்காததால் கண்டென்சருக்குப் பிறகு தானாகவே பிரிந்து மேலே நிற்கும். நரம்பைக் கெடுக்கும் என்று தெரிந்தும் அதற்கு ஈடான இன்னொன்றைத் தேடுவது கடினமாக இருக்கிறது.

கொதிநிலை மாறாக் கலவை என்றால் பயப்பட வேண்டுமா?

இரண்டு திரவங்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்து ஒரே பொருள்போலக் கொதிக்கும் கலவை அது. பயம் வேண்டுமா என்பது எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வினையிலிருந்து தண்ணீரை விரட்ட வேண்டுமென்றால் அதுதான் நண்பன். டொலுயீனும் தண்ணீரும் சேர்ந்து சுமார் 85 டிகிரியில் கொதிக்கும். மேலே போன ஆவி குளிர்ந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். கீழே இறங்கும் தண்ணீரை வடித்துவிட்டு டொலுயீனைத் திருப்பி அனுப்பலாம். டீன், ஸ்டார்க் இருவரும் 1920-இல் பெட்ரோலியத்தில் உள்ள தண்ணீரை அளக்கச் செய்த கண்ணாடிப் பொறி இன்றும் இதே வேலையைச் செய்கிறது.

கரைப்பானை மீட்கும் பக்கம் நின்றால் அதே குணம் தலைவலி. எத்தனாலைத் தண்ணீரிலிருந்து எத்தனை முறை வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும். ஐசோபுரொப்பனால், அசிட்டோநைட்ரைல், டி.எச்.எஃப்., எத்தில் அசிட்டேட் எல்லாமே தண்ணீரோடு இப்படிக் கூட்டுச் சேர்பவை. மெத்தனாலும் அசிட்டோனும் சேர்வதில்லை, நல்ல வடிப்புக் கோபுரம் இருந்தால் சாதாரண வடித்தலிலேயே உலர்ந்து வரும். இரண்டு கரைப்பான்களைக் கலந்து பயன்படுத்தத் திட்டமிடுபவர்கள், அந்த இரண்டுக்கும் இடையே இப்படி ஏதாவது உறவு இருக்கிறதா என்று கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கலப்பது ஒரு நிமிடம், பிரிப்பது ஒரு கோபுரம்.

தண்ணீரில் இருக்கும் பொருளை இன்னொரு கரைப்பானுக்குள் இழுத்துச் சாறு இறக்க எது நல்லது?

தண்ணீரோடு கலக்காமல் இருப்பதுதான் முதல் தகுதி. ஆனால் "கலக்காது" என்பதற்கும் அளவு உண்டு. எத்தில் அசிட்டேட் 100 மில்லி தண்ணீரில் 8 கிராம் வரை கரையும். பத்து முறை சாறு இறக்கினால் கணிசமான அளவு கழிவுநீரோடு போயிருக்கும். டைகுளோரோமீத்தேன் அவ்வளவு கரையாது, தண்ணீரைவிடக் கனம் என்பதால் கீழே நிற்கும், வால்வைத் திறந்தால் முதலில் வருவதும் அதுதான். மறுபடி மறுபடி இறக்கும்போது இது பெரிய வசதி. டைகுளோரோமீத்தேனின் மேல் வேதியியலாளருக்குள்ள பாசத்தில் பாதி இந்த வசதியால் வந்தது என்பேன்.

டி.எச்.எஃப். தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடும். அதன் தம்பி 2-மெத்தில் டி.எச்.எஃப். பிரிந்து நிற்கும். அதற்கு ஒரு விசித்திரக் குணமும் உண்டு: வெப்பநிலை ஏற ஏறத் தண்ணீரில் அதன் கரைதிறன் குறையும். எனவே அறை வெப்பநிலையில் முரண்டுபிடிக்கும் அடுக்குகளை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் தெளிவாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

படிகமாக்குவதற்கு, பொருளை அதிகமாகக் கரைக்கும் கரைப்பான்தானே வேண்டும்?

இதுதான் நான் அதிகம் திருத்திய தவறு. வேண்டியது சூட்டில் அதிகமாகவும் குளிரில் குறைவாகவும் கரைக்கும் கரைப்பான். ஒரு கரைப்பானில் 100 மில்லிக்கு 60 டிகிரியில் 30 கிராம், 5 டிகிரியில் 12 கிராம் கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். குளிரவைத்தால் 18 கிராம் வரும், அதாவது 60 சதவீதம். இன்னொன்றில் 60 டிகிரியில் 20 கிராம்தான், ஆனால் 5 டிகிரியில் 2 கிராம். இங்கே 90 சதவீதம் கைக்கு வரும். முதலாவது "நல்ல கரைப்பான்" என்று பெயர் வாங்கியிருந்தாலும் வடிதிரவத்தில் பொருளைப் பறிகொடுத்தது அதுதான்.

கரையாமல் இருப்பதே வரமாகிய கதையும் ஒன்று உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் செர்ட்ராலின் மருந்தின் பழைய செய்முறையில் டைகுளோரோமீத்தேன், டி.எச்.எஃப்., டொலுயீன், ஹெக்சேன் என்று நான்கு கரைப்பான்கள் இருந்தன. கீட்டோனும் மெத்திலமீனும் சேர்ந்து இமைன் உருவாகும்போது தண்ணீர் வெளிவரும். அந்தத் தண்ணீரை இழுத்து வினையை முன்னே தள்ள டைட்டானியம் டெட்ராகுளோரைடு போட்டார்கள், அது டன் கணக்கில் கழிவானது. ஃபைசர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் எல்லாவற்றையும் எத்தனாலுக்கு மாற்றினார்கள். இமைன் எத்தனாலில் அவ்வளவாகக் கரையாது. உருவாக உருவாக வீழ்படிவாகிக் கரைசலை விட்டு விலகியது, சமநிலை தானாக முன்னே நகர்ந்தது. டைட்டானியமே தேவைப்படவில்லை. அடுத்த படிகளையும் அதே எத்தனாலில் தொடர முடிந்தது. கரைப்பான் தேவை சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 2002-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியலுக்கான குடியரசுத் தலைவர் விருது இதற்குக் கிடைத்தது.

கரைப்பான் வினையில் சேராது என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. 2018 ஜூலையில் வால்சார்டான் என்ற இரத்த அழுத்த மருந்தைப் பல நாடுகள் திரும்பப் பெற்றன. அதில் என்.டி.எம்.ஏ. என்ற நைட்ரோசமீன், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள், கலந்திருந்தது. வினைபொருள் பட்டியலில் அதற்கான தடயமே இல்லை. டெட்ரசோல் வளையத்தை உருவாக்கும் படியை மாற்றியமைத்தபோது கரைப்பானாக டி.எம்.எஃப். வந்தது. அதில் சிறிதளவு சிதைந்து டைமெத்திலமீன் ஆகும். மிச்சமிருந்த அசைடை அழிக்க இறுதியில் சோடியம் நைட்ரைட்டு சேர்த்தார்கள். இரண்டும் சந்தித்தன. பார்வையாளர் என்று நினைத்த கரைப்பான் ஆட்டத்துக்குள் இருந்திருக்கிறது.

வெடிப்புக் கதைகளும் உண்டு. 2007 டிசம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் ஆலையில் ரியாக்டர் வெடித்து நால்வர் இறந்தனர். சோடியத்தை டைகிளைம் என்ற ஈத்தர் கரைப்பானில் வைத்துச் செய்த வினை அது. குளிரூட்டல் தவறி வெப்பம் ஏறியதும், சுமார் 199 டிகிரிக்கு மேல் சோடியம் கரைப்பானையே தாக்கத் தொடங்கியது. வழக்கமான இயக்க வெப்பநிலையில் அந்த இரண்டாவது வினை கண்ணில் படவே இல்லை. எனவே "இயக்கும் வெப்பநிலையில் நிலையானதா" என்று கேட்டால் மட்டும் போதாது, குளிரூட்டி நின்றுபோனால் எட்டக்கூடிய வெப்பநிலையிலும் நிலையானதா என்று கேட்க வேண்டும். வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரில் சில கிராம் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய சில ஆபத்தான ஜோடிகள்: சோடியம் ஹைட்ரைடும் டி.எம்.எஃப்.-உம், அல்லது டி.எம்.எஸ்.ஓ.-வும் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு). அசைடும் டைகுளோரோமீத்தேனும், ஏனென்றால் டைஅசைடோமீத்தேன் வெடிக்கும். குளோரோஃபார்மும் அசிட்டோனும், காரம் ஒரு துளி சேர்ந்தால் போதும். கழிவு டிரம்மில் ஆளுக்கொரு பக்கம் ஊற்றும்போது கடைசி ஜோடி நினைவில் இருக்கட்டும்.

தீ ஆபத்தை எப்படி ஒப்பிடுவது?

ஃபிளாஷ் பாயின்ட் என்பது திரவத்தின் மேலுள்ள ஆவி ஒரு சுடர் பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை. ஈத்தருக்கு அது மைனஸ் 45, அசிட்டோனுக்கு மைனஸ் 20, ஹெப்டேனுக்கு மைனஸ் 4, டொலுயீனுக்கு 4, எத்தனாலுக்கு 13 டிகிரியை ஒட்டி, டி.எம்.எஃப்.-க்கு 58. அறை வெப்பநிலையை இதோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவை எந்நேரமும் தயாராக இருக்கின்றன என்று புரியும்.

ஆனால் பலர் மறப்பது நிலைமின்னூட்டம். டொலுயீனும் ஹெப்டேனும் மின்சாரத்தைக் கடத்தாதவை. குழாயில் வேகமாகப் பாயும்போதும் தூளைக் கொட்டிக் கலக்கும்போதும் மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகும், இறங்க வழியில்லாமல் பொறியாக வெடிக்கும். ஐசோபுரொப்பனாலும் எத்தனாலும் கடத்தும், தரையிணைப்பு சரியாக இருந்தால் சேர விடாது. ஃபிளாஷ் பாயின்ட் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் டொலுயீனும் எத்தனாலும் ஒரே ஆபத்து அல்ல.

ஈத்தர்களில் காற்றுப் பட்டு உருவாகும், வெடிக்கக்கூடிய பெராக்சைடு இன்னொரு சங்கதி. டைஐசோபுரொப்பைல் ஈத்தர்தான் இதில் மோசம். டி.எச்.எஃப்.-உம் திறந்து வைத்தால் சேர்க்கும். சோதிக்காமல் வடிக்காதீர்கள், சோதித்தாலும் வறண்டுபோகும்வரை வடிக்காதீர்கள்.

நச்சுத்தன்மையில் எது மேல், எது கீழ் என்று எப்படிச் சொல்வது?

மருந்தில் தங்கும் எச்சத்துக்கு சர்வதேச ஒத்திசைவு மன்றத்தின் க்யூ3சி வழிகாட்டி தெளிவான எண்களைத் தருகிறது. பென்சீன் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு), குளோரோஃபார்ம் 60, ஹெக்சேன் 290, அசிட்டோநைட்ரைல் 410, டைகுளோரோமீத்தேன் 600, டி.எச்.எஃப். 720, டி.எம்.எஃப். 880, டொலுயீன் 890, மெத்தனால் 3000. எத்தனால், அசிட்டோன், எத்தில் அசிட்டேட், ஹெப்டேன் எல்லாம் 5000 வரை போகலாம். ஹெக்சேனுக்கும் ஹெப்டேனுக்கும் ஒரு கார்பன்தான் வித்தியாசம், எல்லையில் 17 மடங்கு வித்தியாசம். ஹெக்சேன் உடலுக்குள் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்புகளைத் தாக்குவதே காரணம்.

ஆனால் இவை மாத்திரை சாப்பிடுபவருக்கான எண்கள். ரியாக்டர் பக்கத்தில் நிற்பவருக்குக் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதே கணக்கு, அங்கே ஆவியழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. 2009-ஐ ஒட்டி சீனாவின் சூச்சோ நகரில் தொடுதிரை துடைக்கும் ஆலை ஒன்றில் ஆல்கஹாலுக்குப் பதிலாக ஹெக்சேனைக் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் உலர்கிறது என்பதுதான் காரணம். சீக்கிரம் உலர்ந்தது எங்கே போயிற்று? மூடிய அறையில் வேலை செய்தவர்களின் நுரையீரலுக்கு. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நரம்பு பாதிக்கப்பட்டுக் கை கால் மரத்துப்போய் மருத்துவமனைக்குப் போனார்கள்.

டைகுளோரோமீத்தேன், டி.எம்.எஃப்., என்.எம்.பி. (என்-மெத்தில் பைரோலிடோன்) இவற்றுக்கு என்ன மாற்று?

கேள்வி இனி விருப்பம் சார்ந்தது அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 மே முதல் என்.எம்.பி.-க்கும் 2023 டிசம்பர் முதல் டி.எம்.எஃப்.-க்கும் கட்டுப்பாடு இருக்கிறது. தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் கன மீட்டருக்கு முறையே 14.4, 6 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் டைகுளோரோமீத்தேனின் நுகர்வோர் பயன்பாட்டையும் தொழில் பயன்பாடுகளில் பெரும்பாலானவற்றையும் தடைசெய்யும் விதியைக் கொண்டுவந்தது.

டைகுளோரோமீத்தேனுக்குச் சாறு இறக்குவதில் 2-மெத்தில் டி.எச்.எஃப்., எத்தில் அசிட்டேட். பத்திப் பிரிப்பில் (காலம் குரோமட்டோகிராபி) எத்தில் அசிட்டேட்டும் எத்தனாலும் 3:1 விகிதத்தில் கலந்து ஹெப்டேனோடு ஓட்டினால் பெரும்பாலானவை பிரிந்துவிடும். டி.எம்.எஃப்.-க்கு அவ்வளவு சுலபமான பதில் இல்லை. அசிட்டோநைட்ரைலில் நடக்குமா என்று முதலில் பார்ப்பேன், அடுத்து டி.எம்.எஸ்.ஓ. அதை வடித்து விரட்ட முடியாது (189 டிகிரி), தண்ணீரில் வீழ்படிவாக்கி எடுக்க வேண்டியிருக்கும். 18.5 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் குளிர்ந்த நாளில் குழாய் அடைத்துக்கொள்வதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. பெயின்ட் அகற்றும் திரவங்களில் டைகுளோரோமீத்தேனை நீக்கி என்.எம்.பி. போட்டார்கள், பிறகு என்.எம்.பி. கருவைப் பாதிக்கும் என்று வகைப்படுத்தப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லை என்பது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது. யாரும் இன்னும் சரியாக ஆராயவில்லை என்றும் இருக்கலாம்.

"பசுமைக் கரைப்பான்" என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

தாவரத்திலிருந்து வந்தது என்பதும் தீங்கற்றது என்பதும் வேறு வேறு. 2-மெத்தில் டி.எச்.எஃப். வேளாண் கழிவிலிருந்து கிடைக்கும் ஃபர்ஃபியூரலில் இருந்து வருவது, நல்ல கரைப்பான், ஆனாலும் பெராக்சைடு சேர்க்கும். சைரீன் என்ற கரைப்பான் டி.எம்.எஃப்.-க்கு மாற்று என்று பேசப்படுகிறது, 227 டிகிரியில் கொதிக்கும், வலிமையான காரத்தைத் தாங்காது. அழுத்தத்தில் வைத்த கார்பன் டைஆக்சைடு 31 டிகிரி, 74 பார் தாண்டியதும் நல்ல கரைப்பானாகி, அழுத்தத்தை விட்டதும் சுவடில்லாமல் போய்விடும். காபிக் கொட்டையிலிருந்து கஃபீனை எடுக்க அது அருமை. அழுத்தக் கலன் வாங்கப் பணம் வேண்டும்.

தண்ணீரா? சைக்ளோபென்டாடையீனும் மெத்தில் வினைல் கீட்டோனும் சேரும் வினை ஐசோஆக்டேனில் நடப்பதைவிடத் தண்ணீரில் சுமார் 700 மடங்கு வேகமாக நடக்கும் என்று 1980-இல் ரைட்அவுட்டும் பிரெஸ்லோவும் காட்டினார்கள். கேட்க இனிமை. ஆனால் கரிமப் பொருள் கலந்த தண்ணீரை எரிக்கவும் முடியாது, வடிக்கவும் செலவு, உயிரியல் சுத்திகரிப்பில் கிருமிகள் செத்துப்போனால் அது இன்னொரு பிரச்சினை. கடைசியில் அதிலிருந்து பொருளை எத்தில் அசிட்டேட்டால் இறக்கினால் தண்ணீர்க் கரைப்பான் என்ற பெருமையில் என்ன மிச்சம்?

விலையை எப்படி ஒப்பிடுவது?

லிட்டர் விலையால் அல்ல, ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை லிட்டர் தொலைகிறது என்பதால். கரைப்பான் ஒன்றில் கிலோவுக்கு 10 லிட்டர் தேவை, 60 சதவீதம் மீட்கலாம் என்றால் 4 லிட்டர் போகிறது. இரண்டாவதில் 8 லிட்டர் தேவை, 92 சதவீதம் மீட்கலாம் என்றால் போவது 0.64 லிட்டர். இரண்டாவது மூன்று மடங்கு விலை என்றாலும் பாதிச் செலவுதான், தொலைந்த 4 லிட்டரை அப்புறப்படுத்தும் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

நான்கைந்து கரைப்பான்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் போதுமா?

கூட்டல் ஏமாற்றும். பத்தில் ஒன்பது எல்லாவற்றிலும் வாங்கி, "வினைபொருளோடு வெடிக்கும்" என்ற ஒன்றில் பூஜ்யம் வாங்கினாலும் மொத்தத்தில் முதலிடம் வந்துவிடும். எனவே முதலில் கழித்துக்கட்டும் கேள்விகள்: வினையில் சேருமா, சட்டம் அனுமதிக்குமா, எச்ச எல்லைக்குள் விரட்ட முடியுமா? தாண்டியவற்றை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுங்கள். மருந்து நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உருவாக்கிய கெம்21 வழிகாட்டி கரைப்பான்களைப் பரிந்துரைக்கத்தக்கவை, சிக்கலானவை, ஆபத்தானவை, மிக ஆபத்தானவை என்று பிரிக்கிறது. பட்டியலைக் குறுக்க அது நல்ல துணை.

அப்புறம் கையால் செய்து பாருங்கள். சின்னக் குப்பிகளில் 100 மில்லிகிராம் பொருள், ஒவ்வொன்றிலும் 1 மில்லி கரைப்பான். அறை வெப்பநிலையில் பாருங்கள், 60-இல் பாருங்கள், ஒரு இரவு குளிரில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஊசியாக வரும், ஒன்றில் தூளாக வரும், ஒன்றில் அடியில் எண்ணெயாகத் தேங்கி நிற்கும். எண்ணெயாக வந்ததை அன்றைக்கே பட்டியலிலிருந்து நீக்கினால் பின்னால் ஒரு மாதம் மிச்சம்.

லேபில் ஒழுங்காக நடந்தது பெரிய ரியாக்டரில் ஏன் கெடுகிறது?

லேபில் ரோட்டரியில் (வெற்றிடத்தில் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) வைத்து உலர்த்திவிடுகிறோம். 5000 லிட்டர் ரியாக்டரில் அப்படி வறட்ட முடியாது, கலக்கியின் இறக்கை திரவத்துக்கு வெளியே வந்ததும் நிறுத்தியாக வேண்டும். லேபில் 20 நிமிடம் ஆன வடித்தல் அங்கே 12 மணி நேரம். அவ்வளவு நேரம் சூட்டில் பொருள் தாங்குமா என்று லேபிலேயே வேண்டுமென்றே மெதுவாகச் செய்து பார்த்துவிடுங்கள்.

அதே கரைப்பான்தான், புது டிரம் திறந்ததும் முடிவு மாறுகிறது. ஏன்?

முதலில் தண்ணீரின் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் நிலைப்படுத்தியைப் பாருங்கள். குளோரோஃபார்ம் கெடாமல் இருக்க அதில் அரை முதல் ஒரு சதவீதம் எத்தனால் சேர்ப்பது வழக்கம். அமில குளோரைடு வினையை அதில் நடத்தினால் எத்தனால் முந்திக்கொண்டு எஸ்டரைக் கொடுக்கும். சில வகைகளில் எத்தனாலுக்குப் பதில் அமிலீன் இருக்கும், அப்போது அந்த எஸ்டர் வராது. டி.எச்.எஃப்.-இல் பெராக்சைடைத் தடுக்கச் சேர்க்கும் பி.எச்.டி. (BHT) என்ற நிலைப்படுத்தி ஆவியாகாது, உலர்த்தியதும் உங்கள் பொருளோடு குடித்தனம் நடத்தும். டிரம்மின் லேபிளில் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியில்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும்.